இல்லாத புத்தகத்துக்கு 200 சொல்லும் சர்வர்

கேள்வி: சிறிய பதிப்பகம் ஒன்றின் வலைத்தளத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பி.காம். முடித்து வேலைக்கு வந்த இடத்தில் பிஎச்பி கற்றுக்கொண்டேன். தளத்தில் எந்த மாற்றமானாலும் முதலில் என் விண்டோஸ் லேப்டாப்பில் எக்ஸாம்ப் வழியாக லோக்கல்ஹோஸ்டில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சர்வருக்கு ஏற்றுவேன். ஹோஸ்டிங் சர்வர் லினக்ஸ். நாங்கள் எடுத்துவிட்ட புத்தகங்களின் பக்கத்தைத் திறந்தால் "மன்னிக்கவும், நீங்கள் தேடிய பக்கம் இல்லை" என்று ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனால் கூகுள் சர்ச் கன்சோல் அவற்றையெல்லாம் ‘சாஃப்ட் 404’ என்று பட்டியல் போட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், லேப்டாப்பில் சரியாகத் திறக்கும் சில பக்கங்கள் சர்வரில் 404 என்கின்றன. போன வாரம் நிரலில் ஏதோ பிழை. சர்வர் வெறும் வெள்ளைத் திரையோடு 500 தந்தது. அதே பிழைக்கு லேப்டாப் 500 தரவே இல்லை. இந்த எண்களை என் லேப்டாப்பிலேயே வரவழைத்துச் சோதித்துப் பார்க்க முடியுமா?

– வாசகி, கோவை

பதில்: முடியும். புதிதாக எதையும் வாங்கவோ நிறுவவோ வேண்டியதில்லை. உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருப்பவையே போதும். ஆனால் ஒரு பழக்கத்தை விட வேண்டும். பிரவுசரில் என்ன தெரிகிறது என்பதை வைத்து, பக்கம் சரியா தவறா என்று முடிவு கட்டும் பழக்கம் அது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சிக்கல்களையும் இத்தனை நாள் உங்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தது அதுதான்.

சர்வர் அனுப்பும் பதிலின் முதல் வரியில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். அதன் கீழே ஹெடர்கள். பிறகு ஒரு வெற்று வரி. அதற்கும் பிறகுதான் நாம் திரையில் காணும் பக்கம் வருகிறது. நீங்கள் எழுதிய ‘மன்னிக்கவும்’ அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கூகுளின் பாட் முதலில் பார்ப்பதோ முதல் வரியை. அங்கே 200 என்று நிற்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது என்று பொருள். உள்ளே படித்தால் ‘இல்லை’ என்கிறது. எண் ஒன்றும் வாசகம் வேறொன்றுமாக இப்படி முரண்படும் பக்கத்துக்குத்தான் கூகுள் சாஃப்ட் 404 என்று பெயர் வைத்திருக்கிறது.

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்டிடிபியில் இந்த எண்ணே கிடையாது. பக்கமோ பிழையோ, எச்டிஎம்எல்லாக மட்டுமே வந்து சேரும். ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தால்தான் எது பிழை என்று தெரியும். எஃப்டிபியிலும் மின்னஞ்சலிலும் ஏற்கெனவே புழங்கிய மூன்று இலக்க முறையைப் பிறகு எச்டிடிபியும் எடுத்துக்கொண்டது. 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945 அதைப் பதிவு செய்தது. இன்று நடப்பில் இருக்கும் விதிகள் 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110-இல் உள்ளன. 200 என்று அனுப்பிவிட்டு உள்ளே மன்னிப்புக் கேட்கும் பக்கம், எண்கள் வருவதற்கு முந்தைய நிலைக்கே தளத்தைக் கொண்டுபோகிறது.

இனி எண்ணை எப்படிப் பார்ப்பது என்று பார்ப்போம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் கர்ல் என்ற கட்டளை விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் பராமரித்துவரும் கருவி இது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து கர்ல் என்று அடியுங்கள், ஓர் இடைவெளி விட்டு மைனஸ் குறியும் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘ஐ’யும், மறுபடி இடைவெளி, பிறகு முகவரி. எக்ஸாம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது வெறும் லோக்கல்ஹோஸ்டைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் முதல் வரியில் 302 வரும். கீழே ‘லொகேஷன்’ என்ற ஹெடரில் டாஷ்போர்டு என்று முடியும் முகவரி இருக்கும். பிரவுசரில் நீங்கள் இதுவரை பார்த்ததெல்லாம் அந்த டாஷ்போர்டுப் பக்கத்தின் 200 மட்டுமே. நடுவில் ஒரு ரீடைரக்ட் நடந்தது திரையில் தெரியவே இல்லை. கர்ல் தானாக அடுத்த முகவரிக்குத் தாவாது, நீங்கள் கேட்ட முகவரி சொன்ன பதிலோடு நின்றுவிடும். சோதனைக்கு நமக்கு வேண்டியது அதுதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் ஜன்னலில் கர்ல் என்று அடித்தால் ஓடுவது கர்ல் அல்ல. அந்தப் பெயரை மைக்ரோசாஃப்ட் தன் இன்னொரு கட்டளைக்குச் சூட்டியிருக்கிறது. 404 வந்தால் அது சிவப்பு எழுத்தில் ஒரு பத்தி பிழைச் செய்தியைக் கொட்டும். அங்கே கர்ல் என்பதோடு புள்ளி வைத்து ‘இஎக்ஸ்இ’ சேர்த்து அடித்தால் உண்மையான கர்ல் வரும். இரண்டாவது, பல கையேடுகள் பெரிய எழுத்து ‘ஐ’யைப் பரிந்துரைக்கும். அது ஹெட் என்ற வகைக் கோரிக்கையை அனுப்பி ஹெடர்களை மட்டும் வாங்கி வருவது. பார்க்கச் சுருக்கமாக இருக்கும். ஆனால் ஹெட் கோரிக்கைக்கு பிஎச்பி முதல் வெளியீடு கிளம்பியதுமே நிரலை நிறுத்திவிடும்; அதற்குப் பிந்தைய வரிகளில் ஒளிந்திருக்கும் பிழை வெளியே வராது. வாசகரின் பிரவுசர் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்க வேண்டுமென்றால் சிறிய ‘ஐ’தான்.

எண்ணைப் பார்த்த கையோடு ‘சர்வர்’ என்ற ஹெடரையும் பாருங்கள். அங்கே எக்ஸாம்ப்பின் வெப் சர்வரான அப்பாச்சியின் பெயர் இருக்க வேண்டும். விண்டோஸின் சொந்த வெப் சேவை 80-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, எக்ஸாம்ப் வேறு போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்கள் நிறைய உண்டு. அப்போது நீங்கள் கேட்கும் கேள்விக்கு 404 என்று பதில் சொல்வது மைக்ரோசாஃப்ட்டின் சேவை. உங்கள் நிரல் தொடப்படவே இல்லை. அதில் இல்லாத பிழையை அதற்குள் தேடி ஒரு மாலைப்பொழுதே போய்விடும். அந்த ஒற்றை ஹெடர் வரி அதைத் தவிர்க்கும்.

உங்கள் முதல் சிக்கலுக்கு வருகிறேன். புத்தகம் தரவுத்தளத்தில் கிடைக்கவில்லை என்று தெரிந்த இடத்தில், ‘மன்னிக்கவும்’ என்று எழுதும் வரிக்கு முன்னால், பிஎச்பியின் ‘எச்டிடிபி ரெஸ்பான்ஸ் கோடு’ ஃபங்ஷனை 404 என்ற எண்ணோடு அழைக்க வேண்டும். அவ்வளவுதான் தீர்வு. ஆனால் அந்த ‘முன்னால்’ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வரி கிளம்பிப் போன பிறகு எண்ணை மாற்ற முடியாது. தளத்தின் மேல்பட்டை, மெனு எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டு, அதன் பிறகு புத்தகத்தைத் தேடி, இல்லையென்று கண்டு 404 போட முயன்றால் காலம் கடந்துவிட்டது. 200 ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் பிஓஎம் குறியும், பிஎச்பி தொடங்கும் முன் தவறி விழுந்த ஒரு வெற்று வரியும்கூட இதே வேலையைச் செய்யும்.

லேப்டாப்பில் இது பல சமயம் தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. எக்ஸாம்ப்போடு வரும் பிஎச்பி அமைப்பில் ‘அவுட்புட் பஃபரிங்’ 4096 என்று வைத்திருக்கிறார்கள். அதாவது வெளியீட்டில் முதல் 4096 பைட் சேரும்வரை எதுவும் கிளம்பாது. அதற்குள் 404 போட்டுவிட்டால் அது செல்லும். சர்வரில் அந்த அமைப்பு அணைந்திருந்தால் அதே நிரல் 200 சொல்லும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும் என்பதால், தமிழ்த் தளத்தில் இந்த 4096 வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். மெனுவில் இரண்டு தலைப்பு கூடினாலே நேற்றுவரை 404 தந்த பக்கம் இன்று 200 தரலாம். சோதிக்கும்போது லேப்டாப்பில் இந்த பஃபரிங்கை அணைத்துவிடுங்கள். அப்படியும் 404 வந்தால்தான் நிரல் சரி.

அப்பாச்சிக்குக் கட்டளைகள் எழுதும் எச்டிஅக்சஸ் கோப்பில் ‘எரர்டாக்குமென்ட்’ என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 404 என்ற எண்ணுக்குப் பிறகு, சாய்கோட்டில் தொடங்கும் பாதையை எழுதினால் அப்பாச்சி உங்கள் பிழைப் பக்கத்தை 404 என்ற எண்ணோடு காட்டும். அதே இடத்தில் எச்டிடிபி என்று தொடங்கும் முழு முகவரியை எழுதினால் அது பிழைப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்துவிடும். கேட்டவருக்குக் கிடைப்பது 302, அதைத் தொடர்ந்து 200. 404 எங்குமே வராது. இரண்டு வகையிலும் பிரவுசர் திரை ஒன்றுபோலவே இருக்கும். கர்ல் மட்டுமே வேறுபாட்டைக் காட்டும்.

இந்த இடத்தில், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அச்சில் தீர்ந்துபோன புத்தகம் வேறு, இல்லாத புத்தகம் வேறு. தீர்ந்துபோன புத்தகத்தின் பக்கத்தை எடுக்காதீர்கள். பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ‘தற்போது பிரதி இல்லை’ என்று ஒரு வரி சேருங்கள். 200 என்றே பதில் வரட்டும், அது உண்மையான 200. பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடுகிறவருக்கு, அப்படி ஒன்று இன்ன பதிப்பகத்திலிருந்து வந்தது என்பதற்கு இணையத்தில் கிடைக்கும் ஒரே சான்று பல நேரங்களில் பதிப்பகத்தின் அந்தப் பக்கம்தான். உரிமை திரும்பிப் போய், இனி உங்கள் தளத்தில் இருக்கவே கூடாது என்ற நிலை இருந்தால் 410 கொடுங்கள். இருந்தது, எடுத்துவிட்டோம், திரும்ப வராது என்று அதற்குப் பொருள். யாரோ முகவரியைத் தப்பாக அடித்ததற்கு 404. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிற வழக்கம் ஒன்று பரவலாக இருக்கிறது, அது மட்டும் வேண்டாம். தேடி வந்தவருக்குக் கேட்டது இல்லை என்றுகூடத் தெரியாமல் போகும். கூகுளும் அதைச் சாஃப்ட் 404 ஆகவே எடுத்துக்கொள்ளும்.

500 விஷயத்தில் உங்கள் லேப்டாப் உண்மையை மறைத்ததற்குக் காரணம் பிஎச்பியிலேயே இருக்கிறது. ‘டிஸ்ப்ளே எரர்ஸ்’ என்ற அமைப்பு எக்ஸாம்ப்பில் ஆன் ஆக இருக்கும். நிரல் எழுதுகிறவருக்குப் பிழை திரையிலேயே தெரிய வேண்டும் என்பதற்காக. அது ஆன் ஆக இருக்கும்போது நிரல் பாதியில் முறிந்தால், பிஎச்பி பிழைச் செய்தியைப் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டு எண்ணை 200 என்றே விட்டுவிடும். ஆஃப் ஆக இருந்தால், ஹெடர்கள் இன்னும் கிளம்பியிருக்காத பட்சத்தில், 500 என்று மாற்றும். சர்வர்களில் பாதுகாப்புக்காக இதை ஆஃப் செய்துதான் வைப்பார்கள். ஆக, ஒரே பிழைக்கு லேப்டாப்பில் 200, சர்வரில் 500. இரண்டும் அதனதன் அமைப்புப்படி நடந்துகொண்டிருக்கின்றன.

அதனால் ஏற்றுவதற்கு முந்தைய கடைசிச் சோதனையை, லேப்டாப்பிலும் ‘டிஸ்ப்ளே எரர்ஸ்’ ஆஃப் செய்துவிட்டு நடத்துங்கள். பிஎச்பியின் ஐஎன்ஐ கோப்பில் மாற்றிவிட்டு அப்பாச்சியை நிறுத்தித் தொடங்க வேண்டும். பிழையை எங்கே படிப்பது என்று கவலை வேண்டாம், அது எரர் லாக்கில் விழும். வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கிப் பார்க்க, இல்லாத ஒரு ஃபங்ஷனின் பெயரை நடுவில் எழுதி, பக்கத்தைக் கர்ல் மூலம் கேளுங்கள். 500 வந்தால், லேப்டாப் இப்போது சர்வரைப்போல நடந்துகொள்கிறது என்று நம்பலாம்.

லேப்டாப்பில் திறக்கும், சர்வரில் 404 என்பதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்தின் அளவு. ஆங்கிலக் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு. படத்தின் பெயர் கேமராவிலிருந்து வரும்போது ‘ஜேபிஜி’ என்ற பின்னொட்டு பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். இதை விண்டோஸில் சோதித்துக் கண்டுபிடிப்பது சிரமம். எல்லாக் கோப்புப் பெயர்களும் சிறிய எழுத்தில்தான் என்று அலுவலகத்தில் ஒரு விதி போட்டுக்கொள்வது எளிது.

ஆனால் உங்கள் தளம் தமிழ்த் தளம் என்பதால், முகவரியிலும் தமிழ் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் இதைவிட நுட்பமான ஒரு 404 காத்திருக்கிறது. ‘பொன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ப, அதன்மேல் ஒகரக் குறி ஒற்றை எழுத்தாக, ன, புள்ளி என நான்கு எழுத்துக்குறிகள். அல்லது ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என ஐந்து. திரையில் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வேறுபாடுகூடத் தெரியாது. ஆனால் முகவரியாகும்போது ஒவ்வொரு குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 இடம். முதல் ‘பொன்’ 36 இடங்களில் முடியும், இரண்டாவது 45 வரை நீளும். பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். ஒன்றுக்கு 200, இன்னொன்றுக்கு 404.

பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சில மாற்றிகள் இந்தப் பிரித்த வடிவத்தைத் தருகின்றன. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போதும் வரும். உங்கள் தளத்துக்குள்ளேயே இணைப்பைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தால் இது ஒருநாளும் பிடிபடாது, ஏனென்றால் உங்கள் இணைப்புகள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்கும். வெளியே யாரோ எழுதிய கட்டுரையிலிருந்து வருகிற வாசகர்தான் 404-இல் மாட்டுவார். பிஎச்பியில் இதற்கு ‘நார்மலைசர்’ என்ற வசதி இருக்கிறது. ‘இன்டல்’ என்ற எக்ஸ்டென்ஷனை இயக்கினால் கிடைக்கும். வரும் முகவரியை அதில் போட்டு ஒரே வடிவமாக்கிவிட்டு, அதன் பிறகு தரவுத்தளத்தில் தேடுங்கள். புத்தகத்தின் பெயரைத் தரவுத்தளத்தில் சேமிக்கும்போதும் அதே வசதி வழியாகவே அனுப்புங்கள். ‘மௌனம்’ என்பதை ஔகாரக் குறி போடாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக ‘மெளனம்’ என்று அடிக்கிறவர்கள் ஏராளம். இதை நார்மலைசரால் சரிசெய்ய முடியாது, அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். அத்தகைய பெயர்களுக்குத் தவறான வடிவத்திலிருந்து சரியானதுக்கு 301 என்ற நிரந்தர ரீடைரக்ட் ஒன்றைப் போட்டுவைப்பது வாசகருக்குச் செய்யும் உதவி. சோதிக்க, இரண்டு வடிவ முகவரிகளையும் குரோமில் திறந்து, முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுங்கள். சதவீதக் குறிகளோடு நீளமாக வரும். அதை அப்படியே கர்லுக்குக் கொடுங்கள்.

மற்ற எண்களை வரவழைக்க எச்டிஅக்சஸ் கோப்பே போதும். ‘ரீடைரக்ட்’ என்று எழுதி, எண்ணையும் பாதையையும் அடுத்தடுத்துப் போட்டால், அந்தப் பாதைக்கு அப்பாச்சி அந்த எண்ணைத் தரும். பெயர் ரீடைரக்ட் என்றிருந்தாலும் 410, 503 எல்லாம் செல்லும். 300-களில் இல்லாத எண்ணுக்குப் போய்ச்சேரும் முகவரியை மட்டும் எழுதக் கூடாது. அதே கோப்பில் பொருளற்ற ஒரு சொல்லை எழுதிவைத்தால் அப்பாச்சியே 500 தரும். முகப்புக் கோப்பு இல்லாத ஃபோல்டரைக் கேட்டால் எக்ஸாம்ப்பில் கோப்புப் பட்டியல் 200 என்ற எண்ணோடு வரும். பட்டியல் காட்டுவதை நிறுத்தியிருக்கும் சர்வரில் அனுமதி மறுக்கும் 403 வரும்.

503-ஐத் தனியே ஒருமுறை சோதித்துவையுங்கள். தளத்தில் பராமரிப்பு வேலை நடக்கும்போது ‘சிறிது நேரத்தில் வருகிறோம்’ என்ற பக்கத்தை 200 என்ற எண்ணோடு காட்டும் தளங்கள் பல. அந்த நேரம் பார்த்து கூகுள் வந்தால், உங்கள் புத்தகப் பக்கங்களின் உள்ளடக்கமே ‘சிறிது நேரத்தில் வருகிறோம்’ என்பதுதான் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 503 என்றால் இது தற்காலிகம் என்று அதற்குத் தெரியும். கூடவே ‘ரீட்ரை ஆஃப்டர்’ என்ற ஹெடரில் எத்தனை விநாடி கழித்து வரலாம் என்றும் சொல்லலாம். இந்த ஹெடரை அப்பாச்சி அமைப்பில் எழுதினால் ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லையென்றால் பிழைப் பதில்களில் ஹெடர் சேராது. பிஎச்பியிலேயே எண்ணையும் ஹெடரையும் போடுவது சுலபம்.

502, 504 இரண்டும் எக்ஸாம்ப் தனியாகத் தரக்கூடியவை அல்ல. முன்னால் ஒரு சர்வர் நின்று, பின்னால் இருக்கும் இன்னொன்றிடம் கேட்டு வாங்கித் தரும் அமைப்பில் மட்டுமே அவை பிறக்கும். உங்கள் ஹோஸ்டிங்கில் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் இருந்தால் பின்னாலிருப்பது நின்றுபோகும்போது 502 வரும். 60 விநாடி காத்தும் பதில் இல்லையென்றால் 504, அந்த 60 என்ஜின்எக்ஸின் இயல்பான அளவு. இவை பெரும்பாலும் ஹோஸ்டிங்காரர் பார்க்க வேண்டியவை.

கடைசியாக, ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் ஓட்ட ஒரு சிறு பட்டியல் செய்துகொள்ளுங்கள். இருக்கும் புத்தகம் ஒன்று, இல்லாதது ஒன்று, எடுத்துவிட்டது ஒன்று, இடம் மாறியது ஒன்று, பிரித்த வடிவத் தமிழ் முகவரி ஒன்று. ஒவ்வொன்றின் எதிரிலும் வர வேண்டிய எண். கர்லுக்கு ‘டபிள்யூ’ என்ற தெரிவைக் கொடுத்து எண்ணை மட்டும் எழுதச் சொல்லலாம், ‘ஓ’ என்ற தெரிவால் பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தள்ளிவிடலாம். இந்தக் கட்டளைகளை ஒரு பேட்ச் கோப்பில் சேமித்தால் சதவீதக் குறி ஒவ்வொன்றையும் இரட்டிக்க வேண்டும். தமிழ் முகவரிகளில் இதை மறந்தால் முகவரியே சிதைந்துவிடும். எங்காவது 000 வந்தால் அது எச்டிடிபி எண் அல்ல. பதிலே வரவில்லை என்பதைக் கர்ல் அப்படி எழுதுகிறது; அப்பாச்சி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: லோக்கல்ஹோஸ்டில் ஒரு பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் போட்டுச் சோதித்தேன். முகவரி தவறு என்று தெரிந்து அந்த வரியையே அழித்துவிட்டேன். அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கியும் ஆயிற்று. இன்னமும் பிரவுசர் பழைய தவறான இடத்துக்கே போகிறது. எங்கே ஒளிந்திருக்கிறது இந்த ரீடைரக்ட்?

– வாசகர், மதுரை

பதில்: உங்கள் பிரவுசரில். 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். அதனால் வேறு அறிவுறுத்தல் இல்லாதபோது பிரவுசர் அதைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. அடுத்த முறை அந்த முகவரியை அடிக்கும்போது அது சர்வரைக் கேட்பதே இல்லை. அப்பாச்சியின் அக்சஸ் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பிரவுசரில் அந்த முகவரியைப் போடுங்கள்; பழைய முகவரிக்கான வரி லாக்கில் விழாது, போய்ச்சேரும் முகவரிக்கான வரி மட்டுமே விழும். கர்ல் இப்படிச் சேமித்து வைப்பதில்லை. அதில் கேட்டால் சர்வர் இப்போது என்ன சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

லோக்கல்ஹோஸ்டில் இது இன்னும் தொல்லை தரும். உங்கள் எல்லாத் திட்டங்களும் ஒரே பெயரில், ஒரே போர்ட்டில் ஓடுகின்றன. போன மாதம் முடித்த தளத்துக்குப் போட்ட 301, இந்த மாதம் தொடங்கிய தளத்தின் முகப்பைப் பறித்துக்கொண்டு போகும். திட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, அதன் இறுதியில் புள்ளி வைத்து ‘டெஸ்ட்’ என்று சேர்த்து, விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1-க்கு எதிரே எழுதுங்கள்; அப்பாச்சியில் அந்தப் பெயருக்கு ஒரு விர்ச்சுவல் ஹோஸ்டும் வேண்டும். ‘டெஸ்ட்’ என்ற அந்தப் பின்னொட்டு சோதனைக்கென்றே 1999 முதல் ஒதுக்கப்பட்டது. யாரும் அதை வாங்க முடியாது. ‘டெவ்’ என்று முடிப்பதைத் தவிருங்கள்; அது கூகுளுக்குச் சொந்தமான உண்மையான பின்னொட்டு, பிரவுசர்கள் அதற்கு எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும்.

இப்போதைக்கு அந்தப் பிரவுசரின் கேஷை அழியுங்கள். அல்லது டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் கேஷை முடக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தைக் கேளுங்கள். கருவிகள் திறந்திருக்கும்வரை மட்டுமே அது செல்லுபடியாகும். இனிமேல் சோதிக்கும்போது 302 போட்டுப் பாருங்கள்; போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று உறுதியான பிறகு 301 ஆக்குங்கள். படிவம் அனுப்பும் முகவரியைத் திருப்புவதானால் 301 வேண்டாம், 308 போடுங்கள். 301 வந்தால் பிரவுசர்கள் போஸ்ட் கோரிக்கையை கெட் ஆக மாற்றிவிடும், படிவத்தில் நிரப்பியது எல்லாம் வழியிலேயே தொலையும். 308-க்கு அப்படி மாற்ற அனுமதி இல்லை.

தவறான 301 ஏற்கெனவே சர்வரில் ஏறி, வாசகர்களின் பிரவுசர்களுக்குப் போய்விட்டிருந்தால், அங்கிருந்து அதை அழிக்க உங்களால் இயலாது. அவர்கள் எந்தத் தவறான முகவரியில் போய் இறங்குகிறார்களோ, அங்கே சரியான பக்கத்தின் உள்ளடக்கத்தையே வைத்துவிடுங்கள். பழைய முகவரிக்கே திருப்பி அனுப்ப முயலாதீர்கள். பிரவுசர் தன்னிடமுள்ள 301-ஐ எடுத்து மறுபடி தவறான இடத்துக்கே அனுப்பும், இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வாசகருக்குக் கடைசியில் ரீடைரக்ட் அதிகமாகிவிட்டது என்ற பிழைத்திரைதான் கிடைக்கும்.